மாப்பிள்ளை பார்த்து வாங்கின நாய்

ராஜபாளையத்துக்காரன் என்றால் நாயைப் பற்றிச் சகலமும் தெரிந்திருக்கும் என்று ஊருலகம் நம்புகிறது. நான் பிறந்து வளர்ந்தது அந்த ஊர்தான். ஆனால் பஞ்சு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு, எதிரே நாய் வந்தால் தெருவின் அடுத்த ஓரத்துக்கு மாறத்தான் தெரியும். கல்யாணமான புதிதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமனார் வீட்டாரிடம் இதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். எங்கே சொன்னேன்!

மாமனார் மலையடிவாரத்தில் தன் மாந்தோப்பிலேயே தனியாகக் குடியிருந்தார். மாமியார் காலமான பிறகு டவுனில் மகன்கள் வீட்டில் இருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. பன்றி வந்தாலும் தெரியாது, திருடன் வந்தாலும் தெரியாது. தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவரை வீட்டோடு கூட்டி வந்துவிடுவது என்று மச்சான்மார் இருவரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவர் மன்றாடியதில் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் இறங்கி வந்தார்கள்.

"நல்ல நாய் ஒண்ணு காவலுக்கு இருந்தா அப்பா அங்கனயே இருந்துக்கிடட்டும். மாப்பிள்ளையே பார்த்து வாங்கிட்டு வரட்டும். அவுகளுக்குத் தெரியாத நாயா?" என்றார் பெரிய மச்சான்.

"அதுக்கென்ன, அசல் ஜாதியாப் பார்த்துக் கொண்டாரேன்" என்றேன். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

எங்கள் ஊரில் நாய் வளர்க்கிற தெலுங்குக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். பாதி வளர்ந்த குட்டிகள் நாலைந்து படுத்திருந்தன. மாட்டுக்குப் பல் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் நாய்க்கும் பல் பார்த்தேன். என்ன தெரிந்தது? பல் தெரிந்தது. அதற்குள் அந்த வீட்டம்மா கொல்லையிலிருந்து கஞ்சிச் சட்டியைத் தட்டினார். எல்லாக் குட்டிகளும் விழுந்தடித்து ஓடின. ஒன்று மட்டும் அசையவில்லை. பால் போன்ற வெள்ளை, ரோஜா நிற மூக்கு. என் முகத்தையே பார்த்தபடி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. சோற்றுக்கு அலையாத பிறவி என்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

"இதுதான் வேணும்" என்றேன்.

"நல்லாப் பார்த்துக்கிடுங்க சாமி. பொறவு வந்து ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றார் அவர்.

"எனக்கா சொல்றீக? நான் இந்த ஊர்க்காரன்யா!"

ஸ்டேஷனில் ரயில் ஊதியபோது பக்கத்திலிருந்த பிள்ளைகள் வீரிட்டு அழுதன. நாய் கொட்டாவி விட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வழியெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டும் அது திரும்பிப் பார்க்கவில்லை. உயர்ந்த ஜாதி, கண்டவன் கூப்பிட்டால் வருமா என்று அடுத்த பெஞ்சுக்காரருக்கு வியாக்கியானம் வேறு செய்தேன்.

அன்றே நாயைத் தோப்பில் மாமனாரிடம் விட்டுவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து எல்லோரும் தோப்புக்குப் போனோம். நாயின் தைரியத்தைச் சோதிப்பதற்காகச் சின்ன மச்சான் அதன் பின்னால் ஓலைவெடி ஒன்றைக் கொளுத்திப் போட்டார். படீரென்றது. என் மனைவி அலறினாள். நான் துள்ளியதில் வேட்டி அவிழ்ந்தது. நாயும் மாமனாரும் மட்டும் அப்படியே இருந்தார்கள்.

"அடேயப்பா! இதுல்லா நாயி! மாப்பிள்ளை கண்ணே கண்ணு!" என்று பெரிய மச்சான் என் தோளைத் தட்டினார். நானும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டேன்.

மச்சான்மார் மாங்காய் பார்க்கப் போனதும் மாமனார், தூங்கிக்கொண்டிருந்த நாயின் பக்கத்தில் காலால் தரையைத் தட்டினார். அது உடனே எழுந்தது. பேர் சொல்லிக் கூப்பிடாமல் ஏன் தரையைத் தட்டுகிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அதன் தலைக்குப் பின்னால் போய் ஓங்கிக் கை தட்டினேன். ஒரு காதுகூட ஆடவில்லை. கஞ்சிச் சட்டி, ரயில், ஓலைவெடி எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. காது கேளாத மனிதருக்குக் காவலாக, பல்லெல்லாம் பார்த்து, செவிட்டு நாயை வாங்கி வந்திருக்கிறேன்! வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "மாமா, இதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"வந்த அன்னைக்கே தெரியும் மாப்பிள்ளை" என்றார். "எல்லாரும் திரும்புன பொறவுதான் இதுவும் திரும்புது. பேசுறவுக மூஞ்சியையே பாக்குது. நானும் அப்பிடித்தானே சமாளிக்கேன்? மோப்பம் நல்லா இருக்கு. முந்தாநாள் பன்னிய வெரட்டிட்டு வந்துச்சு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயலுகட்ட மட்டும் சொல்லிராதிய. என்னைய இங்கன இருந்து கூட்டிட்டுப் போயிருவாக."

மச்சான்மார் திரும்பி வந்தார்கள். "என்ன மாப்பிள்ளை, இவரை இது பார்த்துக்கிடுமா?" என்று பெரியவர் கேட்டார். மாமனாரும் நாயும் ஒரே மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதைவிட நல்ல நாய் எங்க ஊர்லயே கிடையாது" என்றேன்.