மெத்தை டிரைவரின் வலது கால்

பஸ் நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மெத்தை என்று கேட்டால் டீ கிளாஸ் கழுவுகிறவர்கூடக் கை நீட்டிக் காட்டுவார். ஆள் பருமன் என்பதால் வந்த பெயர் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பருமன்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் பெயர் வந்தது அவர் பிரேக் போடும் அழகினால். அவர் ஓட்டும் நெடுந்தூர பஸ் நின்றால், நின்றது தெரியாது. மடியில் தூங்குகிற குழந்தை தூங்கிக்கொண்டே இருக்கும்.

அந்த பஸ்ஸில் கண்டக்டர், அவருடைய மச்சினன். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நட்டநடுவில் நின்று டிக்கெட் கிழிப்பது அவனுக்கு ஒரு பெருமை. மற்ற கண்டக்டர்கள் குரங்கு மாதிரி தொங்கிக்கொண்டு வேலை செய்யும்போது இவன் மட்டும் கல்யாண வீட்டில் வரவேற்க நிற்கிறவனைப் போல நிற்பான். அதில் பாதிப் பெருமை மாமாவின் வலது காலுக்குச் சேர வேண்டியது என்பதும் அவனுக்குத் தெரியும்.

நெடுஞ்சாலை உணவகங்களில் ஒரு நடைமுறை உண்டு. டிரைவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கேதான் பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் சாப்பிட வேண்டும். அதனால் டிரைவருக்கு அங்கே மாப்பிள்ளை மரியாதை. தனி மேஜை, தனி கவனிப்பு, காசு கிடையாது. மெத்தைக்கு வரும் டீயில் கரண்டியை விட்டால் அடியில் கரையாத சர்க்கரை கரகரக்கும். கூடவே கிரீம் வைத்த கேக், போகிற வழிக்குக் குளிர்பான பாட்டில். சாப்பாடு நிறையச் சாப்பிட்டால் கண் சொருகும், இனிப்பு சாப்பிட்டால் கண் முழித்துக்கொள்ளும் என்பது டிரைவர்களிடம் வழிவழியாக வந்த சாஸ்திரம். அதை எழுதியவர் யாரென்று தெரிந்தால் நாலு கேள்வி கேட்கலாம்.

மாமா சாப்பிடுவதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளடா என்று அக்கா தம்பியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனாள். அவனும் ஒருமுறை டீ மாஸ்டரின் காதைக் கடித்துச் சர்க்கரையைப் பாதியாக்கினான். மெத்தை ஒரு வாய் குடித்தார், கிளாஸை வைத்தார், எழுந்துபோனார். மறுநாள் பஸ் எதிர்ச்சாரி உணவகத்தில் நின்றது. அதற்கு மறுநாளும் அங்கேதான் நின்றது. பிறகு பழைய கடைக்காரர் சாலையைத் தாண்டி வந்து, ‘உங்க குடும்பச் சண்டைக்கு என் வியாபாரம்தானா கிடைச்சுது’ என்று கண்டக்டரிடம் புலம்பினார். சர்க்கரை பழைய அளவுக்குத் திரும்பியது. பஸ்ஸும் திரும்பியது.

நியாயமாகப் பார்த்தால் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் இது பிடிபட்டிருக்க வேண்டும். அங்கேதான் இந்த பஸ்காரர்கள் தங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினார்கள். சர்க்கரை நோய் என்று வந்துவிட்டால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். அதனால் ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய ஒரு வாரத்துக்குப் பரீட்சை வாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த வாரம் மட்டும் கீரை, வெள்ளரிக்காய், காலையில் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். மெத்தை மூச்சிரைக்க ஓடுவார். மச்சினன் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் ஓடுவான். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பார், பாஸாகிவிடுவார், வரும் வழியில் வீட்டுக்கென்று ஒரு கேக் வாங்கிப் பாதியைத் தெருமுனைக்குள் தீர்த்துவிடுவார். டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே என்று அக்காவும் நிம்மதியாக இருந்தாள். மூன்று பேரும் சேர்ந்து யாரை ஏமாற்றினார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

உடம்பு சும்மா இருக்கவில்லை, சொல்லிக்கொண்டேதான் இருந்தது. அவருக்குத் தாகம் அடங்கவில்லை. பஸ் கண்ட மரத்தடியில் எல்லாம் ஒதுங்கியது, பயணிகள் கேலி செய்தார்கள். மூக்குக் கண்ணாடியை மாற்றினார், மறுபடி மாற்றினார். பிறகு ஒரு நாள், நன்றாக இருந்த சாலையில், பஸ் குலுங்கி நின்றது. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் ஒரு பெரியவர் மடியில் போய் விழுந்தான். குறுக்கே நாய் வந்தது என்றார் மெத்தை. நாய் எதையும் யாரும் பார்க்கவில்லை. அடுத்த வாரமும் குலுங்கியது. அதன்பின் அவன் கை தானாகக் கம்பியைத் தேட ஆரம்பித்தது.

நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு மதியம், மாமா சாலையைப் பார்க்காமல் அடிக்கடி கீழே குனிந்து பார்ப்பதைக் கவனித்தான்.

“கீழ என்ன மாமா பாக்கறீங்க?”

“கால் எங்க இருக்குன்னு பாத்தேன் மாப்ளே.”

தமாஷாகச் சொல்வதுபோலத்தான் சொன்னார். மச்சினனுக்குச் சிரிப்பு வரவில்லை. மேனேஜரிடம் சொன்னால் மாமாவின் ஸ்டியரிங் போகும், அக்கா வீட்டு வாசலை மிதிக்க முடியாது. சொல்லாவிட்டால் பின்னால் உட்கார்ந்திருக்கிற அத்தனை உயிருக்கும் இவன்தான் பதில் சொல்ல வேண்டும். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அக்காவிடம் சொன்னான். அவள் அழுதாள். மாமாவிடமே டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினான். பரீட்சை வாரம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். நாளைக் காலை மேனேஜரிடம் போய்விடுவது என்று ஒவ்வொரு ராத்திரியும் முடிவு செய்தான். ஒவ்வொரு காலையும் அவர் பஸ்ஸை எடுத்தார், இவன் விசில் கொடுத்தான்.

கடைசியில் காலே சொல்லிவிட்டது. கோடை. எஞ்சின் சூட்டில் டிரைவரின் காலடித் தகடு கொதிக்கும், அதற்காகத்தான் கனமான செருப்பு போடுவார். அன்று உணவகத்தில் இறங்கித் தன் மேஜைக்கு நடந்துபோனார். பின்னால் வந்த கண்டக்டர் படியில் ஈரத்தைப் பார்த்தான். தரையிலும் ஒரு அடி விட்டு ஒரு அடி அதே ஈரம்.

“மாமா, ஒரு கால்ல செருப்பு இல்லையே?”

“போட்டிருக்கேனே,” என்றார்.

பிறகு குனிந்து பார்த்தார். வலது செருப்பு எப்போதோ கழன்று பெடலுக்கு அடியில் கிடந்தது. சுடு தகட்டில் வெறுங்காலை வைத்து அந்த மதியம் முழுக்க ஓட்டியிருக்கிறார். உள்ளங்கால் கொப்புளித்து உடைந்திருந்தது. அவருக்கு ஒரு சுருக் கூடத் தெரியவில்லை. மேஜையில் டீ தயாராக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், பொறுமையாகப் பேசினார். “இது நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு பாக்கற டெஸ்ட் இல்லைங்க. மூணு மாசமா ரத்தத்துல சர்க்கரை எப்படி இருந்துச்சுன்னு காட்டிடும்,” என்றார். இதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார் மெத்தை. அந்தப் பழக்கம் அப்படி ஊறியிருந்தது. அப்போதே ரத்தம் எடுக்கச் சொன்னார் டாக்டர். இனிப்பு மட்டுமே காரணமில்லை, பரம்பரையும் உண்டு, பருமனும் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பதும் உண்டு, ஆனால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது அந்தக் குளிர்பான பாட்டில்தான் என்று விளக்கினார். வருஷக்கணக்காகச் சர்க்கரை ஏறியே இருந்தால் நரம்பு செத்துப்போகும், சின்ன ரத்தக்குழாய்கள் கெடும், கால், கண், சிறுநீரகம் என்று வரிசையாகக் கைவைக்கும் என்றார்.

அன்றிலிருந்து மெத்தை இனிப்பைத் தொடவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். புண் ஆறவில்லை. முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். விரலோடு போகட்டும் என்றாள் அக்கா. போகவில்லை. பாதம் கறுத்தது. சம்மதம் என்று மச்சினன்தான் கையெழுத்துப் போட்டான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே மேனேஜரிடம் போயிருந்தால், அந்த டீயைத் தட்டிவிட்டிருந்தால் என்று அவன் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து அழுதான். தட்டிவிட்டால் எதிர்க்கடைக்குப் போயிருப்பார் என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

சில நாள் கழித்து ஒரு பிற்பகல், மெத்தை கண்ணை இறுக்கிக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார்.

“மாப்ளே, கால் வலிக்குது.”

“எந்தக் கால் மாமா?”

“வலது. கட்டை விரல் நெருப்பா எரியுது. குதிகால்ல யாரோ ஆணி அடிக்கற மாதிரி இருக்கு.”

மச்சினன் நர்ஸிடம் ஓடினான். சிலருக்கு அப்படி இருக்கும், எடுத்துவிட்ட கால் வலிக்கும், மாத்திரை கொடுக்கிறேன், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார் நர்ஸ். திரும்பி வந்து, மாத்திரை வருகிறது மாமா என்று மட்டும் சொன்னான்.

“கொஞ்சம் அமுக்கி விடேன்,” என்று மனைவியிடம் கேட்டார் மெத்தை.

அக்கா தம்பியைப் பார்த்தாள். போர்வை அந்தப் பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவள் கட்டிலைச் சுற்றிப் போய், மெதுவாக இடது காலைப் பிடித்து அமுக்க ஆரம்பித்தாள்.

“அது இல்லம்மா,” என்றார் அவர். “அந்தக் கால்.”