வெண்டல் சொன்ன ஒரே நிஜம்

கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்களுக்குப் போய், நாளைக்குப் பெரிய அணியில் தேறக்கூடியவன் எவன் என்று மோப்பம் பிடித்துச் சொல்வதுதான் வெண்டல் ப்ரூட்டின் பிழைப்பு. இண்டியானாவில் அவர் கார் வழுக்காத பனிச்சாலை கிடையாது. அவர் பொய் சொல்லாத சாப்பாட்டுக்கடையும் கிடையாது.

பொய் அந்தத் தொழிலின் மரியாதை. ஆட்டம் முடிந்ததும், வெவ்வேறு அணிகளுக்கு ஆள் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பன்றிக்கறி ரொட்டி தின்பார்கள். மனதுக்குப் பிடித்த பையனை "அவனா? மரக்கட்டை" என்பார்கள். வேண்டாதவனை ஆகாயத்துக்கு ஏற்றுவார்கள். வெண்டல் ஏற்றிய ஏற்றில், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் ஒருவனை ஓர் அணி எடுத்தே விட்டது.

அந்தக் குளிர்காலத்தில் எல்லோரும் பார்க்க வந்தது ஐசயா டகெட் என்ற சென்டரை, அதாவது கூடையடியில் நின்றாடும் நெட்டையனை. ஏழடி. கையைத் தூக்கினால் கூடைக்குள் குருவி முட்டையிட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிடுவான். சென்டர் என்றாலே எல்லோரும் மேல்நோக்கித்தான் அளப்பார்கள். வெண்டல் மட்டும் கீழே பார்ப்பார். அவரும் ஒரு காலத்தில் சென்டர்தான். வலது பாதத்து எலும்பு முறிந்தபின் கைத்தடி.

ஐசயா இரண்டு காலாலும் எம்பினான். இறங்கியது இடது காலில் மட்டும்.

ஆட்டம் முடிந்ததும் அவனைத் தாழ்வாரத்தில் மடக்கினார்.

"வலது கால மட்டும் ஊனி, குதிகாலத் தூக்கு பாப்போம்."

தூக்கினான். முகம் சுண்டிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"எப்பலேர்ந்து?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து. கோச்சுக்கே தெரியாது சார். ஆள் எடுக்கற வரைக்கும் தாங்கிடும்."

"தாங்காது. இப்பவே ஆபரேஷன் பண்ணிக்கிட்டா அடுத்த வருஷம் ஆடலாம். முழுசா முறிஞ்சுதுன்னா இந்தா, இதான்." கைத்தடியை நீட்டினார்.

"இத்தன பேரு என்னப் பாக்க வர்றப்ப, பெஞ்சுல எப்படி சார் உக்கார்றது?"

யாரும் வராவிட்டால் உட்காருவான் அல்லவா? வெண்டல் நேரே சாப்பாட்டுக்கடைக்குப் போனார்.

"டகெட் பய பாதத்துல விரிசல். யாரும் போகாதீங்கப்பா. அவன் உக்காந்து ஆத்திக்கட்டும்."

எல்லோரும் தின்பதை நிறுத்தினார்கள். பிறகு, வேறோர் அணிக்கு ஆள் பார்க்கும் கர்ட் லிண்ட்க்விஸ்ட் மீசையில் ஒட்டியிருந்த கடுகுச் சாந்தைத் துடைத்துவிட்டுச் சிரித்தார்.

"அடேங்கப்பா! கெழட்டு நரிக்கு அவன் மேல இவ்ளோ ஆசையா?"

"சத்தியமா சொல்றேன், கர்ட்."

"போன தடவ பைபிள் மேல கைய வச்சில்ல சொன்ன!"

அடுத்த சனிக்கிழமை, அதுவரை எட்டிப் பார்க்காத அணிகள்கூட ஆளனுப்பியிருந்தன. முன்வரிசை நிரம்பியது. ஐசயா அந்த வரிசையைப் பார்த்தான். வெண்டல் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"சைகை வேறயா!" என்று கர்ட் அவர் விலாவில் இடித்தார்.

ஐசயா எம்பினான், என்றைக்கும் இல்லாத உயரம். இறங்கும் இடத்தில் எதிரணிக்காரன் விழுந்து கிடந்தான். இடது காலை வைக்க வழியில்லை. வலதில் இறங்கினான். சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

"நெசமாத்தான் சொன்னியா?" என்றார் கர்ட்.

வெண்டல் எழுந்து வாசலுக்குப் போனார். கைத்தடியால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஐசயாவைத் தூக்கிப்போனபோது, ஸ்ட்ரெச்சர் போதாமல் அவன் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"என்னா நீளம் பாரு" என்றது முன்வரிசையில் ஒரு குரல், பழக்கதோஷத்தில்.