காய்ச்சாத பால்

பலெர்மோவில் நான் செய்த வேலைகளில் எனக்குப் பெருமை தந்தது குழாய் கழுவுகிற வேலைதான். எங்கள் ஆட்கள் அநேகம் பேர் இத்தாலிய எசமானிகளான சின்யோராக்களின் வீடுகளில் நிலம் துடைத்தார்கள். நான் விலங்கு நோய்களைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவினேன். 'லாபில் வேலை' என்று ஊருக்கு எழுதினேன். கழுவுவதைப் பற்றி எழுதவில்லை.

அங்கே சுவரில் சிசிலியும் சுற்றியுள்ள சின்னத் தீவுகளும் கீறிய பெரிய வரைபடம் ஒன்று தொங்கியது. ஒவ்வொரு தீவிலிருந்தும் ஆடுமாடுகளின் இரத்தம் கப்பலில் வரும். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு இரத்தநீர், அதன் மேல் ஒரு சொட்டு ரோஸ் நிற மருந்து. ஆட்டிப் பார்த்தால் சொட்டு தெளிவாக இருக்க வேண்டும். திரிதிரியாகத் திரண்டால் அந்த மந்தையில் புரூசெல்லா என்ற கிருமி. அதுவே காய்ச்சாத பால் வழியாக மனிதருக்கு வந்தால் மால்தா காய்ச்சல் என்பார்கள். நோய் கண்ட இடத்தில் ஒரு சிவப்புக் குண்டூசி ஏறும். ஊசி குத்துவது நாங்கள் டொத்தொரெஸ்ஸா என்று கூப்பிடும் மிருக வைத்தியர். என்னைவிட வயது குறைந்த பெண், அதிகம் பேசமாட்டார். இந்த நோய் என்ன செய்யும் என்று அவர் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சினை மாடுகள் பாதியில் போட்ட கன்றுகள் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஐஸ் பெட்டியில் வரும். அந்தப் பெட்டிகளையும் நான்தான் கழுவினேன்.

இவ்வளவும் தெரிந்த மனிதன் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு கீழ்வீட்டை வாடகைக்கு எடுத்து அதில் பிள்ளையார் வைத்திருந்தோம். பூசை செய்ய ஐயர் இல்லை. நான் நாலு தேவாரம் பாடுவேன், குளித்துவிட்டு வருவேன் என்பதால் என்னை அரை ஐயர் ஆக்கிவிட்டார்கள். அந்த வருடம் சித்திரைப் பிறப்புக்கு அபிஷேகம் செய்ய முடிவானது. சந்தையில் மிளகாய்த்தூள் கடை வைத்திருந்த அண்ணை பால் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"அண்ணை, இது பக்டரியிலை சூடாக்கின பால். காய்ச்சின பாலைச் சாமிக்கு வாக்கிறதோ?"

"தம்பி, பிள்ளையார் இதையெல்லாம் பாக்கமாட்டார். பால் பால்தானே."

"உங்கடை கடையிலை உப்பிடிச் சொல்லுங்கோ. கோயிலிலை வேண்டாம்."

எல்லோர் முன்னாலும் கத்தினேன். பாவம், பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுபோனார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போவேன். அங்கே பாற்கட்டி கொண்டுவரும் ஒரு மாட்டுக்காரரைத் தெரியும். மேலே மலைச்சரிவில் அவருக்குப் பத்துப் பன்னிரண்டு பசுக்கள் நின்றன. கொழுத்த, துப்புரவான பசுக்கள். கறந்த சூடு ஆறாமல் இரண்டு போத்தல் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஆய்வுகூடத்தில் இருப்பது நோய், கோயிலில் இருப்பது பால். இரண்டும் என் ஒரே தலைக்குள்தான் இருந்தன. ஒன்றை ஒன்று சந்திக்க நான் விடவில்லை.

அபிஷேகம் முடிந்து அந்தப் பாலையே தீர்த்தமாக எல்லோருடைய கையிலும் வார்த்தேன். என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை நாலாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. அவள் கையில் ஒரு கரண்டி வார்த்தேன். "இது பிள்ளைக்கு" என்று சொல்லி இன்னொரு கரண்டியும் வார்த்தேன். பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதை நான் குடித்தேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு காலை, குழாய்த் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரைபடத்தைக் கடந்து போனேன். ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு மேலே மலைச்சரிவில் ஒரு புது ஊசி நின்றது. அந்தச் சரிவில் மாடு வைத்திருந்தவர் ஒருவர்தான். கொஞ்ச நேரத்தில் அவரே வந்தார். டொத்தொரெஸ்ஸாவின் மேசை முன்னால் தொப்பியைக் கசக்கியபடி நின்று, நோய் கண்ட தன் நாலு பசுக்களைக் கொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார். என்னைக் கண்டு தலையாட்டினார். நான் தெரியாதவன் போலக் கழுவுமிடத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஐஸ் பெட்டிக்குள் கண்ட கன்றுகளின் ஈர மயிர்தான் கண்ணுக்குள் நின்றது.

உடனே யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்த வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி போகும், பிறகு குவெஸ்தூராவில் பொலிஸ்காரர் முன்னால் வரிசையில் நின்று என்னவென்று சொல்வது என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், சொன்னால் அது உண்மையாகிவிடும் என்பது. அவளுக்கு ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொரு பின்னேரமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் காய்ச்சல் பின்னேரத்தில்தான் ஏறும். நெற்றியில் கை வைப்பேன். வேர்த்தால் ஏன் வேர்க்குது என்பேன். இடுப்பு நோகுதோ என்று கேட்பேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் "ஒண்டுமில்லை" என்பாள். அந்தப் பார்வை விலகுவதைக் கண்டு, ஏதோ நோவை மறைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். பிள்ளை துடிக்குதா என்று ஒரு நாளில் எத்தனை தரம் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

ஊசியைக் கண்ட ஏழாம் நாள் எனக்கே காய்ச்சல் வந்தது. உடுப்பெல்லாம் நனைய வேர்த்தது, முதுகு கழன்று விழுவதுபோல வலித்தது. அப்போதுதான் டொத்தொரெஸ்ஸாவின் முன்னால் போய் நின்று, எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஒவ்வொரு தீவிலும் எந்த மாடு, எந்த ஆடு என்று தேடித் திரிகிறோம்," என்றார். "குடித்தவர்களை நீ அறிவாய். முதலில் உன் மனைவி. நாளைக்கே."

மனைவியிடம் பொய் சொன்னேன். பிள்ளைத்தாச்சிமாருக்கு வழக்கமாக எடுக்கிற இரத்தப் பரிசோதனை என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பிறகு மிளகாய்த்தூள் கடைக்குப் போனேன். அண்ணை நோகிற முழங்காலைப் பிடித்தபடி வாங்கில் இருந்தார். சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்குக் கொஞ்ச நாளாக் குளிருறதும் இதுதானோ," என்றார்.

"என்னைப் பேசுங்கோ அண்ணை."

"பேசி என்ன. எல்லாரையும் நான் கூட்டிக்கொண்டு போறன். உம்மடை மனிசிக்கு ஒருத்தரும் சொல்லாமல் பாக்கிறன். நீர் போய்ப் படும்."

பரிசோதனை முடிவு வரும்வரை நான் சாமி கும்பிடவில்லை. கும்பிட முகம் இல்லை. முடிவு வந்தபோது எனக்கும் அண்ணைக்கும் நோய். மற்ற எல்லோரும் தப்பியிருந்தார்கள். சில மாதம் பொறுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார்கள். மனைவியின் முடிவுத் தாளை மூன்று தரம் வாசித்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை. இரண்டு கரண்டி குடித்தவளுக்கு எப்படி ஒன்றுமில்லை என்று நம்பமுடியாமல் நின்றேன்.

ஆஸ்பத்திரி முற்றத்து வாங்கில் அவளை இருத்தி, பசுக்கள், ஊசி, பொய், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அவள் தன் கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "அந்தப் பாலை நான் குடிக்கேல்லை."

"வார்த்தனானே. ரெண்டு தரம்."

"பச்சைப் பால் மணம் வயித்தைப் பிரட்டினது. ரெண்டு தரமும் கைலேஞ்சித் துணியிலை ஒத்திப்போட்டன். வீட்டை வந்து தோச்சுக் காயப்போட்டன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒவ்வொரு பின்னேரமும் நான் செத்துப் பிழைத்திருக்க வேண்டாமே என்று நினைத்தேன். கேட்டும் விட்டேன்.

"எப்பிடிச் சொல்லுறது? ஒரு பால் பெட்டிக்கு அண்ணையை அவ்வளவு சனத்துக்கு முன்னாலை பேசின ஆள் நீங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் என்னையே பாத்துக்கொண்டிருந்தியள். கண்டுபிடிச்சிட்டார், எப்ப கத்தப்போறாரோ எண்டு நித்திரை இல்லை எனக்கு."

முற்றத்து வாசலில் பஸ் வந்து நின்றது. நாங்கள் எழும்பவில்லை.

"அவ்வளவு பயந்தனீரோ?" என்று கேட்டேன். "சாமிக்கோ?"

"இல்லை," என்றாள். "உங்களுக்குத்தான்."