முந்திரித்தோட்டு எண்ணெய்

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் சீமையிலிருந்து பிரேக் பட்டை வருவது நின்றுபோனது. பொன்னமராவதி பஸ்ஸுக்கு மெக்கானிக்காக இருந்த நான், கடலைத்தோட்டுத் தூளை முந்திரித்தோட்டு எண்ணெயில் பிசைந்து, அச்சில் இறுக்கி, சுட்டுப் பட்டை செய்தேன். தூளை இடித்ததும் எண்ணெயை வடித்ததும் என் மனைவிதான். அந்த எண்ணெய் பட்டு அவள் உள்ளங்கைகள் வெந்து தோலுரிந்தன. சில நாட்கள் சோற்றை நான்தான் ஊட்டினேன்.

பட்டை நன்றாகவே பிடித்தது. முதலாளி ஊர்ப் பெரிய மனிதர்களைப் பட்டறைக்கு அழைத்துவந்து, எல்லாம் தன் யோசனை என்று காட்டினார். அப்போது எனக்குக் கஞ்சி கொண்டுவந்த என் மனைவியின் கைகளைப் பார்த்து அவர்களில் ஒருவர், “என்னம்மா, சொறியா?” என்று கேட்டார்.

முதலாளி முந்திக்கொண்டு அவரிடம், “ஆமாங்க, இங்கிட்டு வந்துருங்க” என்றார்.

“சொறி இல்லைங்க. இந்தப் பட்டைக்கு எண்ணெய் வடிச்ச கை” என்றேன்.

விலகி நடந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அதன்பிறகு பட்டறைப் பக்கமே வரவில்லை.