என் கார்டுக்கு என் நம்பர்

அபுதாபி ருவைஸில் எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் சாப்பிடும் அறையில்தான் அந்தப் பேச்சு முதலில் வந்தது. அரசே உரிமம் கொடுத்து ஆன்லைன் லாட்டரி தொடங்கியிருக்கிறது, எமிரேட்ஸ் ஐடி இருந்தால் அக்கவுண்ட் திறக்கலாம், ஒளித்து மறைத்துச் செய்ய வேண்டியதில்லை என்றார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் அங்கேயே போனை எடுத்தார்கள். நான் கொஞ்ச நாள் யோசித்துவிட்டுத் திறந்தேன்.

ஏன் என்று பின்னால் நிறையப் பேர் கேட்டார்கள். பணமுடை இல்லை. கோடி கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. என் சம்பளத்தில் ஒவ்வொரு திர்ஹமுக்கும் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. வீட்டு லோன், மகளின் பள்ளிக்கூடம், நாகர்கோவிலில் வாங்கும் மனை, என் கணவருடைய தங்கையின் கல்யாணச் செலவு. என் பெயரில் எதுவும் இல்லை. எமர்ஜென்சியில் நின்று சம்பாதிக்கிற நான் ஒன்றுக்கும் உதவாத ஒரு காரியத்துக்குக் கொஞ்சம் செலவழிக்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். இதற்கு மேல் விளக்கம் சொல்ல அன்றும் விருப்பமில்லை, இன்றும் இல்லை.

அக்கவுண்ட் திறந்ததும் பணம் எப்படிப் போடுகிறாய் என்று கேட்டது. டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, போனில் வைத்திருக்கும் வாலட். எந்த வழியானாலும் அது அக்கவுண்ட்காரர் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. என் சம்பளம் வரும் டெபிட் கார்டின் எண்ணைத் தட்டினேன். ஓடிபி கேட்டது. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் உறைத்தது. ஓடிபி என் கணவரின் போனுக்குப் போயிருக்கிறது.

அவர் இங்கே ரிஃபைனரியில் டெக்னீஷியன். நான் வந்த புதிதில் எனக்கு சிம் இல்லை. பேங்கில் நம்பர் கேட்டபோது அவர் தன்னுடைய நம்பரைக் கொடுத்தார். அது அப்படியே நின்றுவிட்டது. மகளுக்குச் செருப்பு வாங்கினாலும், ஊரில் அம்மாவுக்கு மருந்து வரவழைத்தாலும், அவரைக் கூப்பிட்டு ஓடிபி கேட்க வேண்டும். பிளான்டுக்குள் போனுக்கு அனுமதி இல்லை, லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் போவார்கள். அவர் டூட்டி முடிகிறவரை என் பணம் எனக்காகக் காத்திருக்காது, நான்தான் அதற்காகக் காத்திருப்பேன்.

அன்று கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் போனை என் முன்னால் நீட்டினார்.

"லாட்டரிக்கா? ஒனக்கு இதை யாரு சொல்லித் தந்தது?"

யாரும் சொல்லித் தரவில்லை, சட்டப்படி உள்ளதுதான் என்றேன். சட்டம் சரி என்றால் பாவம் இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டார். எங்கள் ஜெபக்கூட்டத்தில் முன்னால் நின்று பாடுகிறவர் அவர். குரலை உயர்த்தவில்லை. வேண்டாம் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. அவருடைய அப்பா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் களியக்காவிளைக்குப் போய், எல்லையைத் தாண்டி, கேரளா லாட்டரி எடுத்துவருவார். அதை ஊரில் யாரும் சூது என்று சொன்னதில்லை. இவரே என் கார்டிலிருந்து எடுத்து ஷேர் ஆப் ஒன்றில் போட்டுத் தொலைத்துவிட்டு அதற்கு 'அனுபவம்' என்று பெயர் வைத்தார். ஓடிபி அவர் போனுக்கே வருவதால் பணம் போனது எனக்குத் தெரியவே நாளாயிற்று.

மறுநாள் வார்டில் என்னோடு வேலை செய்யும் தூத்துக்குடிப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்கு நான் அக்கா. அவளும் விளையாடுகிறவள்தான். அவள் கணவர் ஊரிலிருந்தே அவள் பேங்க் கணக்கைத் திறந்து பார்ப்பவர்.

"அக்கா, வாலட்ல போடுங்க. சூப்பர்மார்க்கெட் மெஷின்ல காசப் போட்டா நேரா போன்ல ஏறிரும். அண்ணனுக்கு ஒரு மெசேஜும் போவாது."

அக்கறையோடுதான் சொன்னாள். ஒருநாள் முழுக்க யோசித்தேன். கிரெடிட் கார்டு முதலிலேயே வேண்டாம் என்றாகிவிட்டது. கடனில் சீட்டு எடுக்க எனக்கு மனமில்லை. வாலட்டில் போட்டால் அவருக்குத் தெரியாது, சரி. ஆனால் மாதக் கடைசியில் எவ்வளவு போயிற்று என்று எனக்கே ஒழுங்காகத் தெரியாமல் போகும். அதைவிட, ஒளித்துச் செய்தால் அது தப்பு என்று அவர் சொன்னதற்கு நானே கையெழுத்துப் போட்டது போலாகும். என் சம்பளம் வரும் கார்டிலிருந்தே போட வேண்டும். பேங்க் ஸ்டேட்மென்டில் அது பெயரோடு நிற்க வேண்டும். யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

டூட்டி இல்லாத நாளில் பேங்குக்குப் போனேன். கவுண்டரில் அபாயா அணிந்த இந்த நாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். நம்பர் மாற்ற வேண்டும் என்றேன். ஐடியை வாங்கிக்கொண்டாள். பழைய நம்பர் யாருடையது என்று கேட்டாள். கணவருடையது என்றேன். கணவர் வர வேண்டும், சம்மதம் வேண்டும் என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் இங்கிலீஷில் வாக்கியம் சேர்த்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். புது நம்பர் உன்னுடையதா? ஆமாம் என்றேன். என் போனில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. "கலாஸ்", முடிந்தது என்று ஐடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு சின்ன வேலை. இதற்காகத்தான் இத்தனை வருஷம் லாக்கர் திறக்கிற நேரம் பார்த்து இருந்தேனா?

பக்கத்து மாலில் உட்கார்ந்து முதலில் மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் போட முடியாதபடி அந்த லாட்டரி அக்கவுண்டில் வரம்பு வைத்தேன். வரம்பை நானே முடிவு செய்தேன். பிறகு பணம் போட்டேன். அன்று மாலை அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், நம்பர் மாற்றியாயிற்று, லாட்டரிக்கும் பணம் போட்டாயிற்று என்று.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமே" என்றார்.

"இப்பம் சொல்லுதேனே" என்றேன்.

அடுத்த வாரம் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவரும் அவர் மனைவியும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் கடற்கரை ஊர்க்காரர்தான், என் மாமனாரோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போன குடும்பம். குடும்பத்தில் சமாதானம் வேண்டும், வளர்கிற பெண்பிள்ளை வீட்டில் இருக்கிறது, அம்மாவைப் பார்த்துத்தானே படிப்பாள் என்று நிதானமாகச் சொன்னார். அவர் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், இவங்க அப்பா களியக்காவிளைக்குப் போய் டிக்கெட் எடுத்தப்ப யாராவது வீட்டுக்கு வந்து புத்தி சொன்னீங்களா? எனக்க காச இவங்க ஷேர்ல போட்டுத் தொலைச்சப்ப பழம் வாங்கீட்டு வந்தீங்களா?"

அவர் என் கணவரைப் பார்த்தார். ஷேர் விஷயம் அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. என் கணவர் தரையைப் பார்த்தார். அந்த அம்மாதான் எழுந்தார். வாய் கூடிப்போயிற்று உனக்கு என்றார். ஆமாம் என்று சொல்லித் தேநீர் எடுத்துவரப் போனேன். இருந்து குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

கொஞ்ச காலம் கழித்து, ஒருநாள் டூட்டியில் இருக்கும்போது என் போனுக்கு ஓடிபி ஒன்று வந்தது. பின்னாலேயே அவர் கூப்பிட்டார். ஓடிபி வந்திருக்கும், சொல்லு என்றார்.

"எதுக்கு?"

இந்தக் கேள்வியை அவரிடம் நான் கேட்டது அதுதான் முதல்முறை. மனைக்குத் தவணை என்றார். வீட்டுக்கு வந்து பேசலாம் என்று வைத்துவிட்டேன்.

மாலையில் மனையின் காகிதங்களைக் கேட்டு வாங்கி மேஜையில் வைத்துப் படித்தேன். மனை அவர் பெயரிலும் அவருடைய தம்பி பெயரிலும் பதிவாவதாக எழுதியிருந்தது. தவணையில் பெரும்பங்கு என் கார்டிலிருந்து போயிருக்கிறது. ஊர் வழக்கம் அப்படித்தான், உன்னுடையது வேறு, என்னுடையது வேறா என்றார். வேறு வேறு இல்லையென்றால் என் பெயரை எழுதுவதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். பத்திரம் பதிய இன்னும் நாளிருந்தது. என் பெயர் வரும்வரை ஓடிபி தர முடியாது என்றேன்.

தம்பி போனில் கோபப்பட்டார். மாமியார் அழுதார். லாட்டரிப் பைத்தியம் பிடித்தவள் மனையையும் விற்றுத் தின்பாள் என்று ஊரில் பேச்சு வந்தது. நான் அசையவில்லை. தவணை தாமதமாகி மனைக்காரர் இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் என் கணவர் இறங்கி வந்தார். பாவம், நடுவில் மாட்டிக்கொண்டவர்தான். அதற்காக நான் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த லீவில் நாகர்கோவில் பத்திரப்பதிவு ஆபீஸில் அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

லாட்டரியில் சொல்லும்படி எதுவும் விழவில்லை. ஒருமுறை சின்னத் தொகை வந்தது, அதை என் பேங்க் கணக்குக்கே எடுத்து மகளும் நானும் அரபு மந்தி பிரியாணி சாப்பிட்டோம். போட்டதைவிட வந்தது குறைவு, அதில் எனக்கு மயக்கமில்லை. சில மாதம் விளையாடுகிறேன், சில மாதம் தோன்றுவதே இல்லை. வரம்பை நான் ஏற்றவில்லை.

ஜெபக்கூட்டத்தில் நான் வாசித்துவந்த பைபிள் வாசகத்தை என்னிடமிருந்து எடுத்து வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுக்கட்டும். நான் போவதை நிறுத்தவில்லை. முன்வரிசையில்தான் உட்காருகிறேன். பாட்டு வரும்போது எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுகிறேன்.