துணி வால்வு

பசுவா, பன்றியா?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரம் ஓடிய விவாதம் இது. சமையல் விஷயம் அல்ல... நாஞ்சில் நாட்டுச் சுத்த சைவக் குடும்பம் நாங்கள். கேக் வாங்கினால்கூட முட்டை உண்டா என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் தொடுவோம். என் அத்தானின் இதயத்துக்குள் எந்த மிருகத்தை விடுவது என்பதுதான் கேள்வி.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எழுபத்தெட்டு வயது. வயலுக்குத் தண்ணீர் விடும் வாய்க்கால்களில் ஷட்டர்களைப் பராமரிக்கிற அரசு வேலையில் ஆயுசின் பாதியைக் கழித்தவர். மூன்று மாதமாக, வீட்டு வாசலிலிருந்து கேட் வரை நடந்தாலே மூச்சு வாங்கியது. ஒரு நாள் காலை, பூஜைக்குச் செம்பருத்தி பறிக்கப் போனவர் செடிக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார். மறுநாள் இரணியலில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனோம்.

இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் உள்ள வால்வு, சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டதாம். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யலாம் என்றால் அவருடைய நுரையீரல் தாங்காது. தொடையில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வைச் செலுத்தி, பழையதற்கு உள்ளேயே உட்கார வைக்கலாம். வைக்காவிட்டால்? அடுத்த மயக்கத்திலிருந்து எழுந்திருக்காமலே போகலாம் என்றார் டாக்டர்.

அத்தான் ஸ்கேன் அறையில் இருந்தபோது, டாக்டர் என்னையும் அக்காவையும் உட்காரவைத்து இரண்டு மாதிரிகளை மேஜையில் வைத்தார். ஒன்று, உள்ளே பலூனை ஊதி விரிக்கிற வகை. பட்டென்று உட்காரும். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். மற்றது தானாக மெல்ல விரிகிற கம்பிவலை. முழுதாக விடுவிப்பதற்கு முன்னால், இடம் சரியில்லை என்றால் பின்னுக்கு இழுத்து மறுபடி வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் திறந்து மூடுகிற இதழ்கள் மட்டும் மிருகத்தின் இதய உறையில் செய்தவை. முதலாவதில் மாடு, இரண்டாவதில் பன்றி.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் அக்காவின் காதில் ஏறவில்லை.

"மிருகம் இல்லாம ஒண்ணும் கெடையாதாலே?" என்றாள் வராந்தாவில்.

"உலோகத்துல இருக்கு. ஆனா அதுக்கு நெஞ்சைத் திறக்கணும்க்கா."

"அப்பம் பசு போரும். பசுன்னா லெச்சுமி. மத்தது வேண்டாம், கேட்டியா? அவ்வோகிட்ட ரெண்டையும் சொல்லாண்டாம். ஒருமாதிரித் துணின்னு சொல்லிருவோம்."

அத்தானிடம் துணி என்பதா? நான் மறுத்திருக்க வேண்டும். வாரம் தவறாமல் இந்தப் பத்தியில் உங்களுக்கு நேர்மையைப் பற்றிப் பாடம் எடுக்கிற ஆசாமி அல்லவா நான்... தலையாட்டினேன்.

அத்தான் இல்லாத வாட்ஸ்அப் குழுவில் பிரச்சினை வேறு திசையில் போயிற்று. பசு புனிதமானது, ஆகவே தாராளமாக வைக்கலாம் என்றான் பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகன். பசு புனிதமானது, ஆகவே கூடவே கூடாது என்றாள் மார்த்தாண்டத்து மதினி. பன்றிக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அத்தானுக்கு எது பொருந்தும் என்று கேட்டவர் யாரும் இல்லை, என்னையும் சேர்த்து.

இரண்டாவது முறை போனபோது அத்தானும் எதிரே உட்கார்ந்திருந்தார். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "சாருக்கு வாசல் சின்னது. ஓரத்தில் சுண்ணாம்பு கட்டி கட்டியா இருக்கு. பலூனை ஊதினா அது குத்திக் கிழிச்சிரலாம். தானா விரியற வகைதான் நல்லது" என்றார்.

"எங்களுக்கு மொதல்ல காட்டினது போரும் டாக்டரே" என்றாள் அக்கா.

"ஏன்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அத்தான்தான் பேசினார். "டாக்டரே, ஷட்டரு ஓரத்துல கசியுமா?"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்சம் கசியலாம், தானாக விரிவதில் அந்த வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்றார்.

"பக்கத்துல கிளை வாய்க்கால் உண்டுமா? ஷட்டரு சட்டம் அத மறைக்குமா?"

உண்டு. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற குழாய்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. இந்தக் கம்பிவலை உயரமானது. பின்னால் அந்தக் குழாய்களில் அடைப்பு வந்தால் எட்டுவது சிரமம். துடிப்பைக் கடத்துகிற பாதையை அமுக்கினால் பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரலாம், அதுவும் இதில்தான் அதிகம்.

"கொற முழுக்க இதுக்குத்தான் சொல்லுதிய. பொறவு ஏன் இது?"

"சின்ன வாசல்ல இதுதான் ரத்தத்தைத் தாராளமா விடும் சார். கிழியற பயமும் குறைவு."

"செரி. கரை இத்துப்போன மடையில சட்டத்த அடிச்சு எறக்கப்பிடாது. மெள்ளத்தான் எறக்கணும்." அத்தான் தலையசைத்துக்கொண்டார். "ஒரே ஒரு சந்தேகம். இந்தத் துணி எப்பமும் நனஞ்சே கெடந்தா இத்துப் போவாதா?"

"துணியா? எந்தத் துணி?" என்றார் டாக்டர்.

இனி எந்தக் காலண்டரும் உதவாது. "துணி இல்ல அத்தான். அது பன்னி. மத்தது மாடு" என்றேன்.

அத்தான் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"இதுக்கா ரெண்டு வாரமா போனக் கமத்தி மறச்சு வச்சுக்கிட்டு நடந்திய? ஷட்டருக்கு என்ன பெயிண்டுன்னு வாய்க்காலுக்குத் தெரியுமாட்டி?"

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நாளைக்கு கோயிலுக்குள்ள எப்பிடிப் போவிய?"

"வெளிய நிண்ணு கும்பிடுகேன். நிக்கதுக்கு உயிரு வேணும்லா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்மதப் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. உடம்பு அவருடையது. அதற்குள் போகிற பொருளைப் பற்றி அவரைத் தவிர எல்லோரும் விவாதித்திருக்கிறோம். பெரியவர் தாங்கமாட்டார் என்று நாம் மறைக்கிற பல விஷயங்கள், உண்மையில் நம்மால் தாங்க முடியாதவை. அவருக்குத் தெரிந்திருந்தால் முதல் நாளே இந்தக் கேள்விகளைக் கேட்டு முடித்திருப்பார்.

வால்வு நல்லபடியாக உட்கார்ந்தது. ஓரத்தில் லேசான கசிவு இருக்கிறதாம், பயமில்லையாம். பேஸ்மேக்கர் தேவைப்படவில்லை. போன வாரம் பிரதோஷத்துக்கு இருவரும் சிவன் கோயிலுக்குப் போனார்கள், நானும் கூடப் போனேன். அத்தான் சொன்னபடியே கொடிமரத்துக்கு வெளியே நின்றார். அக்கா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

"தீட்டு இல்லியாக்கா?" என்று சீண்டினேன்.

"பன்னிக்கறி படச்ச வேடனையே சாமி பக்கத்துல வச்சிருக்காரு. எனக்கு அவ்வோ இருந்தாப் போரும்லே" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும் அது இன்றைக்கும் பசு வால்வுதான். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.