இரண்டு அம்மாக்கள், ஒரே வரிச் சலுகை

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பத்துக்குக் குணா வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின்.

சரி, தேநீருக்குத் தோதாக ஏதோ கொண்டுவந்திருக்கிறார் என்று தண்ணீரைச் சுடவைத்தேன். மூடியைத் திறந்தால்... உள்ளே முழுக்க மருத்துவமனைச் சீட்டுகள்!

ஏப்ரல் மாதம் பிறந்தால் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரி அலுவலகமாகிவிடும். நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு இது தெரியும். பள்ளிக்கூட ஆபீசில் இருபத்தாறு வருடக் குமாஸ்தா வேலை எனக்கு. ரசீது என்றால் ஒரு பிரியம். கோலா சிலாங்கூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில், இணையத்தில் வரிக்கணக்குக் காட்டும் இ-ஃபைலிங் என்றாலே ஒதுங்குகிறவர்கள் நேராக இங்கே வந்துவிடுவார்கள்.

குணா எண்ணெய் மில்லில் பாய்லர் பார்ப்பவர். அம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது, சர்க்கரை நோய். காலில் புண் வந்து இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். வைத்தியம் கிள்ளானில், அரசாங்க மருத்துவமனையில்.

"பெத்தவங்க மருத்துவச் செலவ கிளெய்ம் பண்ணலாம்னு நீங்கதானேக்கா போன வருசம் சொன்னீங்க? ஒன்னு விடாம சேத்து வச்சிருக்கேன். ரீஃபண்ட் வந்தா அம்மாவுக்கு வீல்சேர் வாங்கணும். கார் பார்க்லேருந்து கிளினிக்குப் போறதுக்குள்ள நாலு தடவ நிக்கிறாங்கக்கா. வர்ற வியாழக்கெழம மறுபடியும் அப்பாயின்மென்ட்."

சொன்னது நான்தான். ஆகவே கவனமாக, தேதிவாரியாக அடுக்கினேன். கிள்ளான் ஸ்பெஷலிஸ்ட் சீட்டு, ஐந்து மலேசிய வெள்ளி வீதம் பதினேழு. இங்கே உள்ளூர் கிளினிக் சீட்டு, ஒரு வெள்ளி வீதம் ஆறு.

மொத்தம் தொண்ணூற்றொரு வெள்ளி.

ஒரு வருட வைத்தியத்துக்கு இவ்வளவுதான்! நினைத்தால் மனம் நிறைகிறது. ஆனால் படிவத்தில் அந்தத் தொகையைத் தட்டியபோதுதான் உறைத்தது — செலவு குறைவென்றால் சலுகையும் குறைவு. அந்தப் பதினேழு நாளும் குணா சம்பளமில்லா லீவு. பெட்ரோல் வேறு. இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் எங்கே இருக்கிறது? லீவில் போன காசை ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமில் பிடித்தார். அந்த ஓவர்டைமில் வரியைப் பிடித்தார்கள்.

"எவ்ளோக்கா திரும்பி வருது?"

"அஞ்சு வெள்ளி நாப்பத்தாறு காசு."

எட்டித் திரையைப் பார்த்தார். "புள்ளி தப்பான எடத்துல விழுந்துருச்சாக்கா?"

"சரியான எடத்துலதான் இருக்கு, குணா."

சிரித்தார். சிரித்துக்கொண்டே டின்னை மூடினார். மூடி பொருந்தவில்லை. மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் திருச்செல்வம் ஒரு பை மாம்பழத்தோடு உள்ளே நுழைந்தார். தமிழ்ப்பள்ளியில் என்னோடு படித்தவர். ஊரில் நான்கு கடைவீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறார். நல்ல மனிதர்.

"என்னா தம்பி, விமலாகிட்ட மாட்டிக்கிட்டீங்களா?"

குணா விஷயத்தைச் சொன்னார்.

"பெத்தவங்க செலவா? நானும் போட்டேன்லா! போன வருசம் எங்கம்மாவுக்கு ஸ்ட்ரோக், தனியார் ஆஸ்பத்திரில ரெண்டு வாரம். பில்லு எக்கச்சக்கம். எட்டாயிரம் வரைக்கும்தான் விடுவாங்க, முழுசா போட்டாச்சு. ரெண்டாயிரம் வரி மிச்சம்னு அக்கௌண்டன்ட் சொன்னாரு."

அதே கட்டம்தான். இங்கேயும் அம்மா, அங்கேயும் அம்மாதான். வருமானம் கூடினால் வரி விகிதம் கூடும் அல்லவா? அதனால் கழிக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் மிச்சமாவதும் அவருக்குக் கூடுதல்: குணாவுக்கு நூற்றுக்கு ஆறு, அவருக்கு இருபத்தைந்து.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "திரு, சுங்கை பெசார்ல இருந்த கடைவீட்ட வித்தீங்களே, அந்த லாபத்துக்கு எவ்வளவு வரி கட்டினீங்க?"

"அதுக்கேது வரி? பன்னெண்டு வருசம் வச்சிருந்தேன்லா. அஞ்சு வருசம் தாண்டுனா கெடையாது."

"நானும் பன்னெண்டு வருசமா அதே பாய்லர் முன்னாடிதாண்ணே நிக்கிறேன்," என்றார் குணா. "எனக்கு மாசா மாசம் புடிக்கிறாங்களே!"

திருவின் காது சிவந்தது. பாவம், அவர் ஒரு காசு ஏமாற்றவில்லை. சட்டம் சொன்னபடிதான் செய்தார். சட்டம்தான், வியர்வை சிந்திச் சம்பாதிப்பவரிடம் மாதம் முடியும்முன் கை நீட்டுகிறது. கட்டடத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பவரைக் கும்பிட்டு அனுப்புகிறது.

திரு மாம்பழப் பையை மேசையில் இந்தப் பக்கம் நகர்த்தினார்... அந்தப் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி, எங்கம்மா இப்ப நல்லா நடக்குறாங்க. வீல்சேர் கார் ஷெட்டுல சும்மாதான் கெடக்கு. எடுத்துக்குங்களேன்."

குணாவின் முகம் இறுகியது. "வேணாண்ணே. நானே வாங்கிக்கிறேன்."

மழையில் நனைந்தாலும் அடுத்தவர் காரில் ஏறத் தயங்குகிற ஆள். வற்புறுத்தினால் எழுந்து போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமைக்கோ நான்கே நாள். தேநீரை ஊற்றினேன்.

பாதிக் கோப்பையில் குணா நிமிர்ந்தார். "அண்ணே... அந்த வீல்சேரையும் கிளெய்ம் பண்ணிட்டீங்களா?"

"பண்ணாம? அம்மாவுக்கு ஊனமுற்றோர் கார்டு எடுத்திருந்தேன்ல. அதுக்குத் தனியா கழிச்சாச்சு."

குணா என் பக்கம் திரும்பினார். "அப்ப அதுல அரசாங்கம் விட்டுக்குடுத்தது எவ்ளோக்கா இருக்கும்?"

திருவின் வரி விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். "வாங்குன வெலையில கால்வாசி."

"கால்வாசி..." கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நாலு சக்கரத்துல ஒன்னு ஏற்கெனவே எங்க ஓவர்டைம் காசு. மத்த மூணுக்கு மட்டும் ரொம்ப நன்றிண்ணே. வாங்க, போயி ஏத்திக்கிட்டு வந்துருவோம்."

திரு விழுந்து விழுந்து சிரித்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது கேட்டார்: "உங்க சக்கரம் எதுலா தம்பி? முன்னாடி இருக்கிற சின்னதா?"

"பெருசுல ஒன்னுண்ணே!"